வெளியே போவதற்கு ஒரு போர்ட்

ஜனவரி 6

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நாங்கள் இருவரும் நலம். கடலில் நீ நலமா? போன பயணத்தில் வாந்தி எடுத்தே பாதியாகிவிட்டாய் என்று உன் அக்கா சொன்னாள். இந்நேரம் வயிறு கப்பலுக்குப் பழகியிருக்கும்.

அத்தான் கடிதம் எழுதுகிறாரே என்று மூக்கின்மேல் விரல் வைக்காதே. உங்கள் அப்பாவுக்குக் காது கேட்காமல் போனதிலிருந்து உங்கள் வீட்டில் எல்லாமே கடிதம்தான். அப்பா போன பிறகும் அக்காளும் தம்பியும் அதை விடவில்லை. நீயோ கரைக்கு வந்தால்தான் ஃபோன் எடுப்பாய். சரி, உங்கள் வழிக்கே வந்துவிடுவோம் என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். புது வீட்டுக்கு வந்துவிட்டோம். ஊர் ஓரம், பக்கத்து மனைகள் எல்லாம் காலி, நல்ல அமைதி. இன்டர்நெட் கம்பெனிக்காரன் ஒரு ரவுட்டர் கொடுத்திருக்கிறான், ஓட்டைப் பானை அது. எங்கள் மருந்துக் கிடங்கில் ஒரு மாத்திரை அட்டை வெளியே போவதானாலும் கேட் பாஸ் வேண்டும், மேலாளர் என்ற முறையில் என் கையெழுத்து வேண்டும். என் சொந்த வீட்டில் எது வருகிறது, எது போகிறது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். சின்ன கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதில் ஃபயர்வால் என்ற காவல் மென்பொருள் போட்டு, அதையே ரவுட்டராக வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். உள்ளே வருவதை மட்டுமல்ல, வெளியே போவதையும் அது காட்டுமாமே? எந்தப் பெட்டி வாங்கலாம்? கடலுக்கு அடியில் கேபிள் ஒட்டுகிறவன் நீ. உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்?

உன் அக்காவை எழுதச் சொன்னேன். வீடு மாறிய அலுப்பு, பிறகு எழுதுகிறாளாம். அவளை ரேடியோ என்று கூப்பிடுவாயே, அந்த ரேடியோ இப்போதெல்லாம் வால்யூமைக் குறைத்துக்கொண்டுவிட்டது.

அன்புடன்,
அத்தான்


ஜனவரி 29

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். நீங்களும் அக்காவும் நலமா? வாந்தி நின்றுவிட்டது. இப்போது பசிதான் பிரச்சினை. கப்பல் சமையல்காரர் என்னைக் கண்டாலே பாத்திரத்தை மூடுகிறார்.

அத்தான், உங்கள் கடிதத்தை நெட்வொர்க் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். "வீட்டுக்கு ஃபயர்வால் கேட்கிற மாமன் மச்சான்லாம் உனக்குத்தான்டா வாய்க்குது, எனக்கு வாய்ச்சவரு ஃபோன்ல டார்ச் எரிக்கவே என்னைக் கூப்பிடுறாரு" என்று எங்கள் சீஃப் பெருமூச்சு விட்டார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

சொல்கிறேன், கேளுங்கள். முதலில் போர்ட், அதாவது கேபிள் சொருகும் துளை. சாதாரண மினி பிசியில் நெட்வொர்க் போர்ட் ஒன்றுதான் இருக்கும். உங்களுக்குக் குறைந்தது இரண்டு வேண்டும். வெளியுலகத்துக்கு ஒன்று, வீட்டுக்குள் ஒன்று. "யூஎஸ்பில ஒண்ணு சொருகிக்கலாம் சார்" என்று கடைக்காரர் சொல்வார். காதில் வாங்காதீர்கள், ஒரு வாரத்தில் மக்கர் பண்ணும். ஆபீஸ்களில் கழித்துப் போட்ட பழைய பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் உள்ளே தனியாக ஒரு கார்டு மாட்ட வேண்டும், இடமும் அடைக்கும். என்னைக் கேட்டால் நான்கு போர்ட் உள்ள புதுப் பெட்டியே வாங்குங்கள். இதற்கென்றே செய்கிறார்கள், உள்ளங்கை அகலம்தான். பிராசஸர் பெரிதாக வேண்டாம், கரண்ட் குறைவாக இழுக்கும் நான்கு கோர் போதும். ரேம் எட்டு ஜிபி. டிஸ்க் 128 தாராளம். நெட்வொர்க் சிப் மட்டும் பேர் பெற்ற கம்பெனியாக இருக்கட்டும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய ரவுட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், அது வைஃபையை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். ஃபயர்வால் மென்பொருள் இலவசம், எப்படிப் போடுவது என்று தனித்தாளில் படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

ஏய் ரேடியோ, இதை நீயும் படிப்பாய் என்று தெரியும். பரிசோதனைக் கூடத்துக்கே உன்னைத் தலைவியாக்கப் போகிறார்கள் என்று அக்டோபரில் எழுதினாயே, என்ன ஆயிற்று? ஊரார் ரத்தத்தையெல்லாம் சோதிக்கிறவளுக்குத் தம்பிக்கு நாலு வரி எழுத நேரமில்லையா?

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்


பிப்ரவரி 20

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் நலம், நீ நலமா? கப்பல் சமையல்காரரிடம் கொஞ்சம் இரக்கம் காட்டு.

பெட்டி வந்துவிட்டது. நீ சொன்னபடியே நான்கு போர்ட், எட்டு ஜிபி. டிஸ்க் விஷயத்தில் மட்டும் உன் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு டெராபைட் போட்டுவிட்டேன். பதிவுகளை ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும். கிடங்கில் அதுதான் வழக்கம், பழைய கணக்கைக் கேட்டால் எடுத்துக் காட்டத் தெரிய வேண்டும். உன் படத்தைப் பார்த்து மென்பொருளையும் நானே போட்டேன். இந்த வயதில் இது பெரிய விஷயம்தான், ஒப்புக்கொள்.

இப்போது சந்தேகங்கள். எந்தக் கருவி, எத்தனை மணிக்கு, எங்கே போனது என்று தனித்தனியாகப் பார்ப்பது எப்படி? வீட்டில் என் லேப்டாப், என் ஃபோன், சமையலறையில் ஒரு டேப்லெட். அது கிடங்கில் சரக்கு ஸ்கேன் செய்யும் டேப்லெட், புதிது வந்ததால் பழையதை உன் அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன், சமையல் குறிப்பு பார்க்கட்டும் என்று. ஆறு கேமராவும் வாங்கியிருக்கிறேன். இரண்டு வெளியே, நான்கு உள்ளே. இத்தனையையும் எப்படிப் பிரிப்பது?

உன் அக்கா வேலையை விட்டுவிட்டாள். அவளாக எடுத்த முடிவுதான். அடிக்கடி தலைசுற்றல், அத்தனை தூரம் எதற்குப் போய் வர வேண்டும்? ஃபோனும் கண்ணுக்கு ஆகவில்லை என்று வைத்துவிட்டாள். கீழே அவள் கைப்பட எழுதியிருக்கிறாள், பார்த்துக்கொள்.

அன்புடன்,
அத்தான்

அன்புள்ள தம்பிக்கு, நான் நலம். நீ நலமா? அத்தான் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். புது வீடு வசதியாக இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு. அன்புடன், அக்கா.


மார்ச் 16

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம், நீங்கள் இருவரும் நலமா? அக்காவுக்குத் தலைசுற்றல் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டினீர்களா?

அக்காவின் நாலு வரியைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்துப்போனேன். ஒரு திட்டுகூட இல்லை. எனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த நாளிலிருந்து அவள் என்னைத் திட்டாமல் ஒரு கடிதமும் எழுதியதில்லை. "டேய் குண்டூசி" என்று ஆரம்பிக்காவிட்டால் அது என் அக்கா கடிதமே இல்லை. உடம்பு நிஜமாகவே சரியில்லை போலிருக்கிறது. அவளை நன்றாக ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம். ஒரு டெராபைட்டா! என்னத்தை அத்தான் அவ்வளவு சேர்த்து வைக்கப் போகிறீர்கள்? எங்கள் கப்பலுக்கே அவ்வளவு கிடையாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் கேட்கிற கேள்விகள் அருமை. இங்கே புதிதாகச் சேர்கிற பையன்கள் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

நான்கு போர்ட் வாங்கச் சொன்னது இதற்குத்தான். ஒன்று வெளியே. ஒன்று உங்களுக்கு மட்டும். மூன்றாவதில் கேமராக்கள். நான்காவதில் வீட்டுக் கருவிகள், அதாவது அந்தச் சமையலறை டேப்லெட் மாதிரி சாமான்கள். ஒன்று இன்னொன்றைத் தொட முடியாது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள், பதிவில் பெயரோடு வரும்.

அடுத்தது விதிகள். மற்றவர்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, கெட்டதை மட்டும் அடைப்பார்கள். அது வேலைக்கு ஆகாது. நான் கப்பலில் நேர்மாறாக வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் மூடு, வேண்டியதை மட்டும் திற. அனுமதிப் பட்டியலில் இல்லாதது எதுவும் அசையாது. உங்கள் பாஷையில் சொன்னால் கேட் பாஸ் இல்லாத சரக்கு வாசலைத் தாண்டாது. எப்படிச் செய்வது என்று இரண்டு பக்கம் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். யாராவது தாண்டப் பார்த்தால் சிவப்பு வரியாகக் காட்டும், பார்க்கவே ஆசையாக இருக்கும்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்


ஏப்ரல் 11

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நலம். நீ நலமா?

நீ எழுதிய இரண்டு பக்கம் இருக்கிறதே, அதைத் தங்கத் தகட்டில் எழுத வேண்டும். எல்லாவற்றையும் மூடினேன். வேண்டியதை மட்டும் திறந்தேன். டேப்லெட்டுக்கு ஒரு சமையல் தளம், ஒரு பாட்டுத் தளம், போதாதா? வீடு இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? கணக்கு முடித்த கிடங்கு மாதிரி நிம்மதியாக இருக்கிறது. சாயங்காலம் வந்ததும் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைய பதிவைப் பார்ப்பேன். உன் அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

வாசல் கதவுக்கும் நெட்வொர்க் பூட்டு போட்டுவிட்டேன், உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் பூட்டும். தலைசுற்றலோடு வெளியே போய் விழுந்து வைத்தால் யார் பார்ப்பது, சுற்றிலும் காலி மனை. கிடங்கிலிருந்தே என் ஃபோனில் திறக்கலாம், மூடலாம். பாஸ்வேர்டு பெட்டிக்கும் பூட்டுக்கும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், எங்கள் கல்யாண நாள். மறக்கவே மறக்காது பார்.

ஒரு சின்னத் தொல்லை. போன வாரம் பெட்டி மூன்று தடவை அணைந்துவிட்டது. தூசி துடைக்கும்போது கை பட்டுவிட்டதாம். மூன்று தடவையுமா என்று கேட்டேன். விசிறிச் சத்தம் தலைக்குள் ஏறுகிறது என்கிறாள். விசிறி இல்லாத பெட்டி இருக்கிறதாமே? வாங்கி, இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் என்ன? சூடாகுமா? யாராவது மெயினை அணைத்துப் போட்டாலும் தானே எழுந்துகொள்ள வழி உண்டா?

அன்புடன்,
அத்தான்


மே 24

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? அக்கா நலமா?

பதில் தாமதம், மன்னிக்கவும். ஆழ்கடலில் கேபிள் அறுந்துவிட்டது, ஒரு மாதம் கரையையே பார்க்கவில்லை. நேற்றுதான் துறைமுகத்துக்கு வந்தோம், தபால் மூட்டையும் வந்தது. இறங்கியதும் அக்கா நம்பருக்குப் போட்டேன், அப்படி ஒரு நம்பரே இல்லை என்று வருகிறது. உங்கள் நம்பருக்குப் போட்டேன், எடுக்கவில்லை.

கேட்டதற்குப் பதில். விசிறி இல்லாத பெட்டி உண்டு, உடம்பே அலுமினியம், பட்டை பட்டையாகச் செதுக்கியிருக்கும், சூட்டை அதுவே வெளியே தள்ளும். ஆனால் காற்றோட்டம் வேண்டும். அலமாரிக்குள் வைத்துப் பூட்டினால் வெந்துவிடும். பின்பக்கம் ஓட்டை போட்டு வையுங்கள். கரண்ட் போய் வந்தால் தானே எழுவதற்குப் பெட்டியின் அடிப்படை அமைப்பில் ஒரு வசதி உண்டு, படம் இணைத்திருக்கிறேன். கல்யாண நாளைப் பாஸ்வேர்டாக வைத்திருப்பதைக் கேட்டு எனக்குத்தான் தலைசுற்றல் வந்துவிட்டது. உடனே மாற்றுங்கள், அத்தான். ஊருக்கே தெரிந்த தேதி.

இன்னொன்றும் கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அக்கா ஏன் பெட்டியை அணைக்கிறாள்? தலைசுற்றலுக்கு டாக்டர் என்ன சொன்னார்? எனக்கு நவம்பரில்தான் லீவு. அதற்கு முன்னால் ஒரு தடவை அவள் குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. அடுத்த துறைமுகத்தில் ஜூன் மாதம் முழுக்க நிற்போம். கப்பல் கம்பெனி மெயில் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன், நீங்கள் அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் டேப்லெட்டிலிருந்தே அவள் எழுதலாம்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். மறக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்


ஜூன் 15

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நாங்கள் இருவரும் நலம். நீ நலமா?

உன் கடிதத்தை வழக்கம்போல் உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அன்பையும் சொன்னேன், மறக்கவில்லை. டாக்டருக்கெல்லாம் என்ன அவசரம், வீட்டில் இருந்தாலே சரியாகிவிடும். மெயில் எதற்கு? கடிதம்தான் உங்கள் வழக்கம், அதை நாம் கெடுப்பானேன்?

விசிறி இல்லாத பெட்டி வாங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். நீ சொன்னது சரிதான், தோசைக்கல் மாதிரிக் கொதிக்கிறது. அடிக்கடி நின்று நின்று எழுகிறது. ஓட்டை போட எனக்கு மனசில்லை, ஓட்டை இருந்தால் பிறகு அலமாரி எதற்கு?

இப்போது ஒரு விசித்திரம். கொஞ்ச நாளாகப் பதிவில் சிவப்பு வரிகள் வருகின்றன. தினமும் நான் கிடங்குக்குக் கிளம்பியதும் ஆரம்பிக்கிறது, நான் திரும்புவதற்குள் நின்றுவிடுகிறது. எல்லாம் சமையலறை டேப்லெட்டிலிருந்து. எங்கே போகப் பார்க்கிறது தெரியுமா? நீ கடிதத்தில் எழுதினாயே, அந்தக் கப்பல் கம்பெனி மெயில் முகவரிக்கு. ஒன்றிரண்டல்ல, பக்கம் பக்கமாக. அதற்கு முன்னால் பரிசோதனைக் கூடத்துக்கு, அதற்கும் முன்னால் பெண்களுக்கான ஏதோ உதவி எண் தளத்துக்கு. உன் அக்காவைக் கேட்டேன். தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள். திரும்பவும் கேட்டேன், தெரியாது என்றே சொல்கிறாள். உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டேன். அப்போதும் அதே பதில்.

அப்படியானால் இது வைரஸ்தானே, மச்சான்? நீ சொன்னால் நம்புவேன். வைரஸ் இல்லை என்றால் நான் வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அத்தான்


ஜூன் 30

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா?

ஆமாம், அத்தான். வைரஸ்தான். சந்தேகமே வேண்டாம். பழைய டேப்லெட்களில் இது சகஜம். என் முகவரி அதற்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பீர்கள். இந்த மாதிரி வைரஸ் எங்கள் கம்பெனியைக் குறிவைத்து உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இங்கேயும் தினமும் அடிக்கிறோம். அக்காவுக்கு இதில் ஒன்றுமே தெரிந்திருக்காது. அவளுக்கு டார்ச் எரிக்கவே தெரியாது. அவளைக் கேட்டுப் பயனில்லை, தயவுசெய்து கேட்காதீர்கள்.

உங்கள் பெட்டி சூட்டில் கெட்டுப்போய்விட்டது. அதனால்தான் வைரஸ் இந்த ஆட்டம் போடுகிறது. நீங்கள் இன்னொன்று வாங்க வேண்டாம். நானே ஒரு பெட்டியைத் தயார் செய்து கூரியரில் அனுப்புகிறேன், அக்கா வீட்டுக்குத் தம்பி சீராக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு போர்ட், விசிறி இல்லை, அலமாரிக்குள் வைத்தாலும் சூடாகாத ரகம். உங்கள் விதிகள், உங்கள் பதிவு, உங்கள் அதே பாஸ்வேர்டு, எல்லாம் உள்ளே இருக்கும். பழையதில் எந்தக் கேபிள் எங்கே இருந்ததோ அங்கேயே மாட்டுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். டேப்லெட்டையும் பிடுங்கிவிட வேண்டாம், அது இணைப்பில் இருந்தால்தான் புதுப் பெட்டி அதைச் சுத்தம் செய்ய முடியும்.

கிடங்கில் இந்த வருஷ ஸ்டாக் எடுப்பு என்றைக்கு? அன்று நாள் முழுக்க எல்லோரும் ஃபோனை கேட்டில் கொடுத்துவிட்டு உள்ளே போவீர்கள் என்று அக்கா முன்பு எழுதியிருக்கிறாள். யாரும் நெட்வொர்க்கைப் பயன்படுத்தாத நாளாகப் பார்த்துப் பெட்டி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்துவிடுகிறேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்


ஆகஸ்ட் 2

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நலம். நீ நலமா?

பெட்டி வந்தது. என்ன வேலைப்பாடு! கையில் எடுத்தாலே கனம் தெரிகிறது. நீ சொன்னபடி மாட்டிவிட்டேன், அலமாரியையும் பூட்டிவிட்டேன். தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புதான், கொதிப்பே இல்லை. முக்கியமாக, சிவப்பு வரி ஒன்றுகூட இல்லை. வைரஸ் என்று நீ சொன்னது மெய்தான் போலிருக்கிறது. உன் அக்காவிடமும் சொன்னேன், "உன் தம்பி உன்னைக் காப்பாத்திட்டான்" என்று. ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள்.

ஸ்டாக் எடுப்பு இம்மாதம் பத்தொன்பது. காலையில் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே.

சீர் அனுப்பிய தம்பிக்கு நான் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும். யோசித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அத்தான்


ஆகஸ்ட் 27

டேய் குண்டூசி,

நான் நலம். நிஜமாகவே நலம், யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிற நலம் இல்லை. நீ செத்தாயா இருக்கிறாயா?

நான் உனக்குச் சொல்லிவைத்த அந்தப் பத்தொன்பதாம் தேதி காலையில் அவர் ஸ்டாக் எடுப்புக்குக் கிளம்பிப் போனதும் டேப்லெட்டைத் திறந்தேன். உன் பெட்டியை மாட்டியதிலிருந்து ஒரு மாதமாக உன்னோடு அதில் பேசிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கு நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். "கதவுகிட்ட போய் நில்லுக்கா" என்று எழுதினாய். நின்றேன். பூட்டு க்ளிக் என்றது. தள்ளிப் பார்க்கவே பயமாக இருந்தது, போ. எங்கேயோ கடல் நடுவில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டு வாசல் கதவைத் திறக்கிறான் என் தம்பி! ஊரெல்லாம் கூட்டிச் சொல்ல வேண்டும் போல இருந்தது, சுற்றிலும் காலி மனைதான்.

நீ சொன்னபடி வேறு எதையும் எடுக்கவில்லை, உடுத்தியிருந்த நீலப் புடவையோடு இந்த டேப்லெட்டை மட்டும்தான். உன்னோடு பேச அது ஒன்றுதானே வழி. அதை அணைப்பதே இல்லை, தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவள்தான் அறை பிடித்துக் கொடுத்தாள். கீழே சைக்கிள் ரிப்பேர் கடை, பச்சை ஷட்டர், காலையில் அதைத் தூக்குகிற சத்தத்தில்தான் விழிக்கிறேன். பக்கவாட்டில் இரும்புப் படி. அடுத்த மாதத்திலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சாதாரண வேலைதான், தலைவி எல்லாம் போயே போச்சு.

இதுவரை நன்றி. இனிமேல் திட்டு. கேட்டுக்கொள்.

உன் கடிதம் ஒவ்வொன்றையும் சாப்பாட்டு மேஜையில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டுவார். நீ ஜோக் அடித்திருக்கிற இடத்தில் நிறுத்தி, நான் சிரிக்கிறேனா என்று பார்ப்பார். "எல்லாத்தையும் மூடு, வேண்டியதை மட்டும் திற" என்று எழுதினாயே, அதை இரண்டு தடவை வாசித்தார். "கெட்டிக்காரன்டி உன் தம்பி" என்றார். அதற்கு அடுத்த நாளிலிருந்து எனக்கு இரண்டே தளம். எத்தனை போர்ட் என்று எழுதினாய். எத்தனை ஜிபி என்று எழுதினாய். பெட்டிக்குச் சூடு ஏறுமா, காற்று வருமா, வெந்துவிடுமா என்றெல்லாம் கவலைப்பட்டாய். அந்தப் பெட்டிக்குக் கொடுத்த காற்றை எனக்குக் கொடுத்திருக்கலாமேடா! என்னைப் பற்றிக் கேட்டது எல்லாம் முதல் வரியில் "நலமா", கடைசி வரியில் "அன்பைச் சொல்லுங்கள்". நாலு வரியில் திட்டே இல்லை என்று கண்டுபிடித்தவனுக்கு அதற்கு அடுத்த பாராவிலேயே நாலு போர்ட் பெரிதாகப் போய்விட்டது. அன்று ராத்திரி முழுக்க அழுதேன், அவரால் இல்லை, உன்னால்.

கோபம் இன்னும் தீரவில்லை. தீருகிறவரை திட்டுவேன், வாங்கிக்கொள். மூடக் கற்றுக்கொடுத்தவனும் நீதான், திறந்துவிட்டவனும் நீதான், உன்னை நான் எங்கே போய் வைப்பது?

நவம்பரில் நேராக இங்கே வா. வந்ததும் பெட்டியைப் பற்றிப் பேசினால் படியிலிருந்து தள்ளிவிடுவேன்.

உன் அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நான் நலம். நீ நலமா?

நீ அனுப்பிய பெட்டியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருக்கிறேன். நல்ல பெட்டி, குறை சொல்ல மாட்டேன். பாஸ்வேர்டை மாற்றச் சொன்னாய், நான் கேட்கவில்லை. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். நான் உன்மேல் கோபமாக இருப்பதாக நினைக்காதே. கிடங்கில் ஒரு சரக்கு காணாமல் போனால் நாங்கள் கோபப்படுவதில்லை, தேடுவோம்.

உன்னிடம் எனக்குப் பிடித்தது உன் கெட்டிக்காரத்தனம். பிடிக்காதது, படிக்கும்போது நீ பாதியைத் தாண்டிப் போய்விடுவது. அந்த டேப்லெட் எங்கள் கிடங்குடையது என்று பிப்ரவரியிலேயே எழுதியிருந்தேன். போர்ட் கணக்கைப் படித்தவன் அதைப் படிக்கவில்லை. கிடங்கு டேப்லெட்கள் ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் புள்ளியாகத் தெரியும். சாமான் தொலையக் கூடாது பார். அதற்கு உன் பெட்டியும் வேண்டாம், என் வைஃபையும் வேண்டாம், இடத்தை மட்டும் சொல்கிற சிம் உள்ளேயே இருக்கிறது, அணைக்காமல் வைத்திருந்தால் போதும்.

கொஞ்ச நாளாக அந்தப் புள்ளி ஒரே இடத்தில் நிற்கிறது. நேற்று வண்டியை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போய்வந்தேன். நெரிசலான தெரு. கீழே சைக்கிள் கடை, பச்சை ஷட்டர், பக்கவாட்டில் இரும்புப் படி. மாடியில் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அந்த நீலப் புடவை நான் வாங்கிக் கொடுத்தது, நீ பார்த்திருப்பாய். நான் மேலே போகவில்லை. முறையாக உனக்கு ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போவதுதானே மரியாதை. உன் கப்பலுக்குத் தபால் வந்து சேர மூன்று வாரம் ஆகும், தெரியும். பரவாயில்லை, அவசரமில்லாமல் படி. ஒரு வரியையும் தாண்டாமல் படி.

ஒவ்வொரு கடிதத்திலும் உன் அன்பை அக்காவுக்குச் சொல்லச் சொல்வாய். இந்தத் தடவை நீ கேட்காமலே, நாளைக் காலை நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அத்தான்